நாற்காலியில் எட்டு நாள்

காரைக்காலில் ஒரு சுரங்கத்தில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் என் சொந்தக்காரர்களே சிரிக்கிறார்கள். ஐந்தடி தோண்டினால் தண்ணீர் ஊறும் ஊர் இது. நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். சேர்ந்த முதல் வாரமே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்: வயலுக்கு நடுவே கம்பி வேலி போட்டு எரிவாயு எடுக்கிற இடமும் சட்டப்படி சுரங்கம்தான். நிலக்கரி வெட்டுகிறவர்களுக்கு உள்ள பொறுப்புகள் நமக்கும் உண்டு. ஆளுக்கு அடிபட்டால் யாரிடம், எத்தனை மணி நேரத்துக்குள், எந்தப் படிவத்தில் சொல்ல வேண்டும் என்பது வரை.

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் எனக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த அரை மணி. அன்று பிரியாணி வேறு. முன் வரிசையில் இரண்டு பேர் விழித்திருந்தார்கள். அதில் ஒருவர் போன் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, உங்கள் வயதில் நானும் தூங்கியிருக்கிறேன். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இதைப் படிக்கும்போது தூங்கினால் எனக்குத் தெரியப்போவதில்லை.

இருபத்தேழு வருடம் இந்தத் தொழில். கடைசிப் பதினோரு வருடம் ஓர் எரிவாயு சேகரிப்பு நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரி. ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கினேன். ஏன் என்று கேட்பவர்களிடம் முதுகுவலி என்கிறேன். முதுகில் ஒன்றும் இல்லை. தலைக்கு மேலே எது தொங்கினாலும் நின்று அண்ணாந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் சரவிளக்கு இருந்தால் அதன் அடியில் உட்கார மாட்டேன். அந்தப் பழக்கம் வந்த கதைதான் இது.

அதற்கு முன்னால், புதிதாக வந்தவர்களின் ஆர்வத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பம்பு அறைக்குள் ஒரு சாரைப்பாம்பு வந்தது. நான் அதை 'அபாயகரமான நிகழ்வு' என்று நான்கு பக்கம் எழுதி, பாம்பின் நீளத்தோடு மேலே அனுப்பிவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: 'பாம்பின் தற்போதைய நிலை என்ன?' நிலையமே ஒரு வருடம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பாம்பு சௌக்கியமா என்று கேட்டது. தேவையில்லாததை எழுதினால் இவ்வளவுதான் நடக்கும், நாலு பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து பயந்துதான் நான் பிற்பாடு எழுதுவதைக் குறைத்துக்கொண்டேனோ என்று இப்போது யோசிக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி. ஒரு பழைய வால்வைக் கழற்றி வேறு மாட்டும் வேலை. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஐந்து பேர். வால்வு ஒன்றரை ஆள் கனம். அதைச் செயின் பிளாக்கில், அதாவது சங்கிலியைக் கையால் இழுத்துப் பாரம் தூக்குகிற கருவியில், மாட்டித் தூக்கினார்கள். அந்தக் கருவியின் கொக்கிக்கு வாயை மூடுகிற சின்ன நாக்கு ஒன்று உண்டு. மாட்டிய கயிறு நழுவி வெளியே வராமல் அது பார்த்துக்கொள்ளும். அந்தக் கொக்கியில் நாக்கு இல்லை. பாரம் ஒருமுறை ஆடியது. கயிறு வெளியே வந்தது. வால்வு முழங்கால் உயரத்திலிருந்து ஒருவருடைய வலது பாதத்தில் விழுந்தது.

அவர் கோட்டுச்சேரிப் பக்கத்துக்காரர். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. நாற்பது வயது, கொஞ்சம் நிலம் உண்டு, நடவுக்கும் அறுப்புக்கும் நடுவே நம்மிடம் வேலை. அவர் போட்டிருந்த காலணியின் இரும்பு முனை விரல்களைக் காப்பாற்றியது. அதற்கு மேலே இருந்த பாதத்தைக் காப்பாற்ற அந்தக் காலணியில் ஒன்றும் இல்லை. இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலும்பு முறியவில்லை, தசை நசுங்கியிருக்கிறது என்றார்கள். பதினொரு தையல். மூன்று வாரம் கால் ஊன்றக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

எலும்பு முறிந்திருந்தால் கேள்வியே இல்லை, அன்றே மேலே சொல்லியாக வேண்டும். முறியாததால் ஒரு சந்து கிடைத்தது. அடிபட்டவர் எழுபத்திரண்டு மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனால்தான் அது அறிவிக்க வேண்டிய காயம் என்பது அப்போது எங்களுக்கு இருந்த விதி. அப்படி ஆனால் சுரங்கப் பாதுகாப்பு ஆய்வாளருக்குப் படிவம் போக வேண்டும். அதன் நகலைத் தொழிலாளர்கள் பார்க்கும் அறிவிப்புப் பலகையில் பதினான்கு நாள் ஒட்டியிருக்க வேண்டும்.

நுழைவாயிலில் எங்களுக்கு இன்னொரு பலகையும் இருந்தது. 'விபத்தில்லாத நாட்கள்.' அதில் எண் ஆயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயிரமாவது நாள் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், பந்தலுக்குச் சொல்லியாயிற்று, ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு சில்வர் டிபன் கேரியர். நிலைய மேலாளர் நல்ல மனிதர். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து, ஆப்பிள் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவர். புதன்கிழமை மாலை என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். பலகையின் திசையில் ஒருமுறை பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

யோசனை சொன்னது நான். இதை நான் எங்கேயும் மறைப்பதில்லை. நாளைக் காலை பத்து மணிக்குள் அவரை ஜீப்பில் அழைத்து வந்துவிடலாம், என் அறையிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம், லைட் டியூட்டி என்று எழுதிக்கொள்ளலாம் என்றேன். ஆள் வேலைக்கு வந்துவிட்டார், எழுபத்திரண்டு மணி நேரம் ஆகவில்லை, படிவம் வேண்டாம். நான் கண்டுபிடித்த வித்தை இல்லை இது. நம் தொழிலில் பல இடங்களில் நடக்கிறது, நீங்களும் பார்ப்பீர்கள். மேலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். எனக்கும் கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்ட திருப்தி இருந்தது.

வியாழன் காலை எட்டு மணிக்கு ஜீப்போடு அவர் வீட்டு வாசலில் நின்றேன். அவர் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு வந்தார். அவருடைய மனைவி பின்னாலேயே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சும்மா உட்காரத்தானே கூட்டிட்டுப் போறீங்க? நாற்காலி இங்கயும் இருக்குங்களே."

நான் ஜீப்பின் கதவைத் திறப்பதில் மும்முரமாக இருந்தேன்.

நிலையத்தில் வருகைப் பதிவேடு வைத்திருந்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, நாங்கள் இரண்டு பேர் கைத்தாங்கலாக ஒருவரைக் கொண்டுவருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவரு வந்தாரா, கொண்டாந்தீங்களா சார்? மஸ்டர்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான் இருக்கு."

வந்தார் என்று போடுங்கள் பாய் என்றேன். போட்டார். எதைக்கொண்டு போட்டார் என்பதை நான் கவனிக்கவில்லை.

என் மேஜைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி. காலைத் தூக்கி வைக்க ஒரு பெயிண்ட் டப்பா, அதன் மேல் மடித்த சாக்கு. அப்படி எட்டு நாள். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமையைக்கூட விடவில்லை, ஒரு நாள் விட்டால் கணக்கு உடைந்துவிடுமோ என்ற பயம். ஜீப் கீழவாஞ்சூர் துறைமுகத்து நிலக்கரி லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் நாட்களில் பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டுமே என்று எனக்கு வியர்க்கும். அவர் நிதானமாக, மெதுவாப் போங்க சார், நமக்கு என்ன வேலை இருக்கு என்பார்.

முதல் நாள் பேப்பர் படித்தார். வரி விளம்பரம் வரை முடித்துவிட்டார். இரண்டாவது நாள் சுவரில் இருந்த போஸ்டர்களைப் படித்தார். அதில் தீயணைப்பான் பிடித்திருக்கிறவர் இடது கைப் பழக்கம் உள்ளவர் என்று கண்டுபிடித்துச் சொன்னார். இத்தனை வருடமாக நான் கவனிக்காதது. மூன்றாவது நாள் என் அலமாரியைப் பார்த்தார். அதில் விதிகளைத் தொழிலாளர்களுக்காகத் தமிழில் சுருக்கி, தட்டச்சு செய்து, நானே அச்சடித்து வைத்த புத்தகம் இருந்தது. நாற்பது பிரதி. வாங்கிப் போனவர்கள் யாரும் இல்லை. அவர்தான் முதல் வாசகர். எனக்குச் சந்தோஷம்கூட வந்தது, பாருங்கள்.

ஆறாவது நாள், செவ்வாய்க்கிழமை, ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"சார், ஒரு சந்தேகம். எழுபத்திரண்டு மணி நேரம் வேலைக்கு வர முடியலன்னா மேல சொல்லணும்னு போட்டிருக்கீங்க. நான் வேலை செய்யல. வீட்லயும் இல்ல. இதுல நான் எங்க சார் இருக்கேன்?"

"நீங்க லைட் டியூட்டில இருக்கீங்க."

அவர் பெயிண்ட் டப்பாவின் மேலிருந்த காலைப் பார்த்தார். கட்டுக்குள் அது பூசணிப் பிஞ்சு அளவுக்கு வீங்கியிருந்தது. சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். வேலை போய்விடக் கூடாதே என்று சிரித்தார் என்பது எனக்குத் தெரியும். ஒப்பந்தக்காரர் ஆள் எடுக்கும்போது வாயைத் திறக்கிறவனை முதலில் ஒதுக்கிவிடுவார்.

இதற்கிடையில் நான் பாதுகாப்பு அதிகாரியாகவும் ஏதோ செய்தேன். அந்த ஒரு செயின் பிளாக்குக்குச் சிவப்பு அட்டை கட்டி ஸ்டோரில் பூட்டினேன். ஒப்பந்தக்காரரிடம் அதே மாதிரி இன்னும் ஏழெட்டு இருக்கும், வேறு நிலையங்களில் ஓடிக்கொண்டிருக்கும் என்பது என் மண்டைக்குள் வராமல் இல்லை. வந்தது. ஆனால் மற்றதையெல்லாம் சோதியுங்கள் என்று எழுதினால், ஏன், என்ன நடந்தது என்று கேட்பார்களே. நாற்காலி வெளியே வந்துவிடுமே. அதனால் கேட்கவில்லை. நீங்கள் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த இடத்தை மறக்காதீர்கள். காலில் விழுந்த வால்வு விபத்து. இது நான் செய்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாங்கனித் திருவிழா. ஊருக்கு விடுமுறை. ஒப்பந்த ஆட்கள் யாருக்குமே வேலை இல்லை, அதனால் நாற்காலிக்கும் விடுமுறை.

என் மகள் அதற்காக முந்தின நாள் மாலையே எங்கள் கோவில்பத்து வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரே பெண். இன்ஜினியரிங் முடித்து, எங்கள் நிறுவனத்தின் இன்னொரு நிலையத்தில் பயிற்சியில் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அது காரைக்காலுக்கு மேற்கே, பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நான் தினமும் காலை பத்து மணிக்கு அவளுக்குப் போன் செய்வேன். வேலிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாயிலில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், அதை ஊருக்கெல்லாம் போதிப்பவன் நான். ஆகையால் வாயிலில் இருக்கும் காவலரின் போனுக்கே அடிப்பேன். அவர் உள்ளே போய் அவளைக் கூப்பிட்டு வருவார். அவள் கடுகடு என்று வந்து, இருக்கேன்பா, உசுரோடதான் இருக்கேன் என்று சொல்லி வைத்துவிடுவாள். அந்தக் காவலர் எனக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

சாமி ஊர்வலம் வந்தது. மொட்டை மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைக்கிறார்கள், தெருவெல்லாம் கைகள். வருடத்தில் ஒரு நாள், மேலேயிருந்து விழுவதைப் பார்த்து ஓடாமல் கையேந்தி நிற்கிற ஊர் இது. என் மகள் துப்பட்டாவை விரித்து ஒன்றைப் பிடித்துவிட்டாள். அடுத்தது அவள் தோளுக்குப் பக்கத்தில் விழுந்து நசுங்கியது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"புதன்கிழமை இப்படித்தான்பா ஒண்ணு பக்கத்துல விழுந்துச்சு. நல்லவேளை, பிடிக்கப் போகல."

என்ன என்று கேட்டேன். கூட்டத்தின் சத்தத்தில் என் காதோரம் கத்திக் கத்தி, வேடிக்கையாகவே சொன்னாள். பம்பின் மூடியைச் செயின் பிளாக்கில் தூக்கிக்கொண்டிருந்தார்களாம். கயிறு கொக்கியிலிருந்து நழுவி மூடி விழுந்ததாம். அவள் அதற்கு ஒரு நிமிடம் முன்னால் வரை அந்த இடத்தில் நின்று அளவு குறித்துக்கொண்டிருந்தாளாம். காவலர் வந்து, உங்க அப்பா லைன்ல இருக்காரு என்று கூப்பிட்டதால் என்னைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தாளாம்.

"கொக்கில நாக்கு இருந்துச்சா?"

"அதெல்லாம் யாரு பாத்தா."

"எழுதினாங்களா?"

"இல்லப்பா. யாருக்கும் அடிபடலையே. எங்க சார் சொன்னாரு, உங்க ஸ்டேஷன்ல ஆள் கால் மேலயே விழுந்துச்சாம், அதையே எழுதலையாம், இதுக்கு என்னத்த எழுதுறதுன்னு." மாம்பழத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். "அப்படியாப்பா?"

ஒரு மாம்பழம் என் முதுகில் விழுந்தது. அது மட்டும் நினைவிருக்கிறது.

என் மனைவி இன்றைக்கும் என்னுடைய அந்தப் பத்து மணிப் போனைக் கொண்டாடுகிறாள். நான் கொண்டாடுவதில்லை. எல்லா நிலையங்களிலும் எல்லா வேலையாட்களுக்கும் பதற்றப்படுகிற அப்பன் ஒருவன் சரியாக அந்த நிமிடத்தில் போன் போட முடியாது. அதற்கு வேறொரு ஏற்பாடு இருக்கிறது. அதை ஒழுங்காக நடத்தத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

கூட்டத்திலிருந்து விலகி ஒரு மருந்துக்கடை வாசலில் நின்று, மகளின் நிலையத்தில் அன்று பொறுப்பில் இருந்த ஷிப்ட் இன்சார்ஜுக்குப் போன் செய்தேன். தெரிந்தவர்தான். அங்கேயும் அதே ஒப்பந்தக்காரர். அவருடைய செயின் பிளாக்குகள் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள், நாளைக்கு ஒன்றையும் தொடாதீர்கள் என்றேன்.

"எதை வெச்சு சார் நிறுத்துறது? நாளைக்கு வேலையை முடிச்சாகணும். கேட்டா நான் என்ன சொல்ல? உங்க ஸ்டேஷன்ல ஒண்ணுமே நடக்கலையே சார்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. தாளில் உள்ளதைச் சொன்னார். தாளில் அந்த வால்வு விழவே இல்லை. அந்தக் கால் வீங்கவே இல்லை. கொக்கிக்கு நாக்கு இருந்தது. அப்படி எழுதி வைத்தவன் நான்தான். மறுநாள் காலை எட்டு மணிக்கு என் மகளுக்கு ஷிப்ட்.

அப்போது மணி பன்னிரண்டரை. மேலாளரின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். சட்டை முழுக்க மாம்பழச்சாறு. அவர் சாப்பிட்டு முடித்துச் சாய்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். மகளின் கதையைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் படிவம் என்றதும் முகம் மாறியது. ஒப்பந்தக்காரருக்கு வாய்மொழியாகச் சொல்லிக்கொள்ளலாமே என்றார். அதைத்தான் இப்போது செய்து பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"லேட்டா சொன்னதுக்கு மொதல்ல என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க, சேஃப்டி. கையெழுத்து என்னுது." என் பதவியைத்தான் பெயராக வைத்துக் கூப்பிடுவார்.

"யோசனை என்னுதுன்னு எழுதுறேன் சார். அதுதானே நெசம்."

"எழுதுவீங்களா?"

"தனித்தாள்ல எழுதி, என் பேரைப் போட்டு, படிவத்தோட வெக்கிறேன்."

பந்தல்காரனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றே என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். பிறகு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். உங்களில் சிலர் நாளைக்கு மேலாளர் ஆவீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அவர் என்னை வெளியே போ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வருகைப் பதிவேட்டின் நகல் வேண்டும். பாய்க்குப் போன் செய்தோம். தொழுதுட்டு வர்றேன் சார் என்றார். ஜும்மா முடித்து, வெள்ளைத் தொப்பியோடு நேராக நிலையத்துக்கு வந்தார். பதிவேட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். அந்த எட்டு நாள் கட்டங்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. பென்சில்.

"பேனாவால போட மனசு வரல சார். பொய்க் கையெழுத்து ஹராம். பென்சில்னா அல்லா கொஞ்சம் யோசிப்பான்னு நெனச்சேன்."

மேலாளர் சட்டென்று, அப்படியானால் அழித்துவிட்டு ஆப்சென்ட் போடுங்கள், எல்லாம் நேராகிவிடும் என்றார். பாய் ரப்பரைக் கையில் எடுத்தேவிட்டார். நெருக்கடியில் இப்படி ஒரு சுலபமான வழி வரும், அது உங்களைப் பார்த்துச் சிரிக்கும். நான் பதிவேட்டை மூடினேன். அழித்தால் நாற்காலி நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். ஒரு பொய்யை மறைக்க இரண்டாவது பொய்யை நாமே உட்கார்ந்து செய்கிறோம். பென்சில் குறிகளோடு அப்படியே நகல் எடுத்து வைத்தோம்.

இரண்டரை மணிக்கு ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனில் சொன்னோம். மூன்றரைக்குப் படிவம், தனித்தாள், நகல் எல்லாம் மின்னஞ்சலில் போயின. எல்லா நிலையங்களுக்கும் பிரதி. அறிவிப்புப் பலகையில் படிவத்தையும் தனித்தாளையும் நானே ஒட்டினேன். ஐந்து மணிக்கு மகளின் நிலையத்திலிருந்து அந்த ஷிப்ட் இன்சார்ஜ் கூப்பிட்டார். அவர்களிடம் இருந்த நான்கு செயின் பிளாக்குகளையும் இறக்கிவிட்டார்களாம். இரண்டில் நாக்கு இல்லை. மூன்றாவதில் இருந்தது, விரலால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

"தேங்க்ஸ் சார்" என்றார். எனக்கு வைத்துக்கொள்ள இடம் தெரியாத நன்றி அது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோட்டுச்சேரிக்காரரை இனி வர வேண்டாம், காலை நீட்டிப் படுங்கள் என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வேலை இருக்குமா என்று கேட்டார். மேலாளர் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு, அந்த ஆள் திரும்பி வராவிட்டால் உங்கள் மற்ற ஆட்களும் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார், அதைச் சொன்னேன். ஆய்வாளர் அடுத்த வாரம் வந்தார். நாள் முழுவதும் கேள்வி. கடைசியில், அந்த நாற்காலி எது என்று கேட்டார். காட்டினேன். பெயிண்ட் டப்பாவையும் சாக்கையும் பார்த்தார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. எனக்கு ஒரு மெமோ வந்தது. மேலாளருக்கு எச்சரிக்கை. வாயில் பலகையில் பூஜ்யம் மாட்டினார்கள். பந்தல் வேறு யார் வீட்டுக் காதுகுத்துக்கோ போயிற்று. டிபன் கேரியர் கிடைக்காத கோபத்தில் கேன்டீனில் எனக்கு இரண்டு வாரம் ஆறிப்போன டீதான் வந்தது. மேலாளர் ஒரு மாதம் என்னோடு வேலைப் பேச்சு மட்டும் பேசினார். பிறகு பழையபடி ஆனார்.

இதில் எதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான் பயந்தேன். அந்தப் பிரதி மகளின் நிலையத்துக்கும் போயிருந்தது. தனித்தாளில் என் பெயர் இருந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் போன் செய்யவில்லை. பத்தே காலுக்கு என் மேஜைப் போன் அடித்தது. காவலரின் எண்.

"அப்பா, படிச்சேன்."

அந்தப் பக்கம் லாரி ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"புதன்கிழமை விழுந்ததை நான் இன்னிக்கு எழுதிக் குடுத்துட்டேன். எங்க சாரு மொறைச்சாரு. பரவால்ல." பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

பதினான்காவது நாள் நகலைப் பலகையிலிருந்து எடுக்கப் போனேன். கோட்டுச்சேரிக்காரர் அங்கே நின்றுகொண்டிருந்தார். டாக்டரிடம் காலைக் காட்டிவிட்டு, ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு, பஸ் பிடித்துத் தானாகவே வந்திருந்தார். வேலைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. இதை எடுக்கறதுக்குள்ள பாத்துடணும்னு வந்தேன் சார் என்றார்.

பலகைக்கு முன்னால் பாயும் கேன்டீன் ஆட்களும் இருந்தார்கள். அவர் எல்லோரையும் விலக்கிக்கொண்டு கிட்டே போனார். என் புத்தகத்தைப் படித்த மாதிரியே, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். நான்காவது வரியில் விரல் நின்றது. அவருடைய பெயர், வயது, வலது பாதம், வேலைக்கு வர இயலாத நாட்கள்.

"இந்தா இருக்கேன்" என்றார்.

விரல் இறங்கிக்கொண்டே போனது. முதல் தாள் முடிந்தது, பக்கத்தில் ஒட்டியிருந்த தனித்தாளுக்கு வந்தது. அதையும் கடைசி வரை படித்தார். விரலை எடுக்காமலே திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீங்களும் இருக்கீங்க சார்."